குதிரை உதைத்து இறந்த 122 வீரர்கள்: எக்செல்லில் பாய்சான் பரவல்

எப்போதாவது நடக்கும் நிகழ்வுகளை எண்ணிக் கணக்கிட உதவுவது பாய்சான் பரவல். இதைப் பழக ஏற்ற தரவு, 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் வெளியிட்டது. பிரஷ்யப் படையின் 10 பிரிவுகளில் 1875 முதல் 1894 வரை குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கு அது. 10 பிரிவு, 20 ஆண்டு. ஆக 200 பதிவுகள்.

முதலில் ஏ2 முதல் ஏ6 வரை 0, 1, 2, 3, 4 என்று இறப்பு எண்ணிக்கையை இடுங்கள். பக்கத்தில் பி2 முதல் பி6 வரை 109, 65, 22, 3, 1. ஒருவரும் இறக்காத பதிவுகள்தாம் அந்த 109. "அதில்தான் ஒன்றும் நடக்கவில்லையே" என்று அந்த வரியை விட்டுவிடாதீர்கள். விட்டால் சராசரி 122/91, அதாவது 1.34 ஆகி, கணக்கே தப்பிவிடும்.

அடுத்து இ1 கட்டத்தில் சராசரி:

=சம்ப்ராடக்ட்(ஏ2:ஏ6, பி2:பி6)/சம்(பி2:பி6)

விடை 0.61. (சூத்திரங்களை ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்: SUMPRODUCT, SUM, POISSON.DIST; ஏ, பி, சி, இ என்பவை A, B, C, E. சமக்குறி போட்டு பி, ஓ, ஐ என்று மூன்றெழுத்து தட்டினாலே பாய்சான் பட்டியலில் வந்துவிடும்.)

இனி சி2 கட்டத்தில்:

=பாய்சான்.டிஸ்ட்(ஏ2, $இ$1, 0)*200

கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து சி6 வரை இழுங்கள். 108.67, 66.29, 20.22, 4.11, 0.63 என்று வரும். உண்மைத் தரவின் 109, 65, 22, 3, 1ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு நெருக்கம்! கூட்டினால் 199.92தான். மீதி 0.08, ஐந்தும் அதற்கு மேலும் இறக்கும் வாய்ப்புக்கு உரியது. டாலர் குறியை மறந்தால் இழுக்கும்போது சராசரி இ2, இ3 என்று வெற்றுக் கட்டங்களுக்கு நழுவிவிடும். எஃப்4 விசை அந்தக் குறியைப் போட்டுத் தரும்.

பலர் இடறுவது கடைசி எண்ணில். 0 என்றால் சரியாக அத்தனை பேர்; 1 என்றால் அத்தனை பேர் வரை எல்லாம் சேர்த்து. ஏ4இல் உள்ள 2க்கு, 0 இட்டால் நிகழ்தகவு 0.101, 1 இட்டால் 0.976. "3 அல்லது அதற்கு மேல்" வேண்டுமானால்:

=1-பாய்சான்.டிஸ்ட்(2, இ1, 1)

விடை 0.024. இங்கே 2க்குப் பதில் 3 போட்டால் மூவர் இறந்த பதிவுகளும் கழிந்து, 0.0036 என்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எக்செல் பிழை எதுவும் காட்டாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். சராசரியோ எண்ணிக்கையோ எதிர்மறை எண்ணானால் 'நம்' (#NUM!) பிழை வரும்.

உங்கள் சொந்தத் தரவுக்குப் போகுமுன் பரவற்படியையும், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவையும் பாருங்கள்:

=சம்ப்ராடக்ட்(ஏ2:ஏ6, ஏ2:ஏ6, பி2:பி6)/சம்(பி2:பி6)-இ1^2

இங்கே 0.6079, சராசரிக்கு ஏறக்குறைய சமம். பாய்சானில் இவ்விரண்டும் ஒத்திருக்க வேண்டும். உங்கள் தரவில் பரவற்படி சராசரியைப் போல் இரண்டு மூன்று மடங்கானால், ஒரு நிகழ்வு இன்னொன்றை இழுத்து வருகிறது அல்லது எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே சராசரி இல்லை என்று பொருள். அங்கே இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள்.