வேதி மாசைக் கண்டறிய எடுத்த மண்ணை ஆய்வகம் சேரும்வரை பாதுகாக்கும் முறை

உரப் பரிந்துரைக்காக வயலில் மண் எடுப்பவர்கள் அதை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி அனுப்புவது வழக்கம். தழை, மணி, சாம்பல் சத்துகளை அறிய அது சரியான முறையே. ஆனால் குரோமியக் கழிவு குவிந்துகிடக்கும் இராணிப்பேட்டை போன்ற இடத்து மண்ணுக்கு அந்தப் பழக்கம் பொருந்தாது.

படி 1: எந்த நச்சைத் தேடுகிறோம் என்பதை ஆய்வகத்துடன் முதலிலேயே பேசி முடிவுசெய்யுங்கள். ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களுக்குச் சுத்தமான பிளாஸ்டிக் டப்பா போதும். பூச்சிக்கொல்லி, எண்ணெய் போன்ற கரிமப் பொருள்களுக்கு, மூடியின் உட்புறம் டெஃப்லான் பதித்த, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியே வேண்டும்.

படி 2: குரோமியத்தைத் தேடும்போது எஃகுக் கரண்டியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளுங்கள், துருப்பிடிக்காத எஃகிலேயே குரோமியம் இருக்கிறது. அதிக நச்சுத்தன்மையுள்ள ஆறிணைதிறக் குரோமியம், மண்ணிலுள்ள மட்கு, இரும்பு ஆகியவற்றோடு வினைபுரிந்து, நச்சு குறைந்த மூவிணைதிற வடிவத்துக்கு மாறக்கூடியது என்பதால், உலர்த்தாமல் ஈரத்தோடு அடைத்து உடனே குளிரூட்டுங்கள். இல்லையெனில் நிலத்தில் இருந்த நஞ்சு அறிக்கையில் குறைந்து தெரியும்.

படி 3: பெட்ரோல் கசிந்த மண்ணில் பென்சீனைத் தேடுவதானால், அது எளிதில் ஆவியாகிவிடும் என்பதால், மண்ணைக் கிளறவோ சலிக்கவோ கூடாது. ஆய்வகம் எடைபோட்டுத் தரும் மெத்தனால் குப்பியில் அங்கேயே இட்டு மூடுவதே சிறந்தது. புட்டிக்கு அருகில் மார்க்கர் பேனாவைத் திறக்காதீர்கள். அதன் கரைப்பானும் ஆவியாகி மாதிரியில் கலக்கலாம்.

படி 4: பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் புட்டியின் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் எளிதில் இடம் மாறும்.

படி 5: ஐஸ் பெட்டியில் 6 டிகிரி செல்சியசுக்குக் கீழ், உறையாமல் வையுங்கள். ஐஸைப் பைகளில் கட்டாவிட்டால் உருகிய நீர் புட்டிக்குள் புகலாம். கத்தரி வெயிலில் இதுவே பெரிய தொல்லை.

படி 6: கெடுவைக் கவனியுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முறைகளின்படி, மண் எடுத்த நாளிலிருந்து ஆய்வு முடிக்கப் பாதரசத்துக்கு 28 நாள், மற்ற உலோகங்களுக்கு 6 மாதம். ஆறிணைதிறக் குரோமியத்தை 30 நாளுக்குள்ளும், பூச்சிக்கொல்லிகளை 14 நாளுக்குள்ளும் மண்ணிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

படி 7: யார், எப்போது, யாரிடம் கொடுத்தார் என்ற ஒப்படைப்புப் படிவத்தில் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கையெழுத்து வாங்குங்கள். பெட்டிக்குள் தண்ணீர்ப் புட்டி ஒன்றையும் சேர்த்து வைத்தால், ஆய்வகத்தார் மாதிரியைத் தொடாமலே அதில் வெப்பநிலையை அளந்து படிவத்தில் குறித்துவிடலாம்.