தெளிந்த ஆற்று நீரும் ஏமாற்றும்

அடிமணல் தெரியும் அளவுக்கு ஆறு தெளிந்திருந்தால் நீர் சுத்தம் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். கோடையில் ஆற்றின் நீர்வரத்து குறையும். அதில் கலக்கும் கழிவுநீர் குறைவதில்லை. அதனால் உப்பும் நைட்ரேட்டும் அடர்த்தியாகின்றன. வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: 0 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் நன்னீர், 30 டிகிரியில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமைத்தான் தாங்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். பாசி படர்ந்த தேக்கத்தில் நீர் எடுக்கவே வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

வெள்ளத்தில் கதை வேறு. வறட்சிக்குப் பின் வரும் முதல் வெள்ளம்தான், என்னைக் கேட்டால், ஆண்டிலேயே மோசமான நீர். நிலத்தில் மாதக்கணக்கில் சேர்ந்த சாணம், உரம், சாலை எண்ணெய் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரும். கலங்கல் நீரில் அப்படியே குளோரின் போட்டால் பெரும்பகுதியைச் சேறே தின்றுவிடும். முதலில் தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, பிறகு 1 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வையுங்கள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் 3 நிமிடம். கிருமி சாகும். உப்பும் நைட்ரேட்டும் மட்டும், நீர் வற்ற வற்ற, கூடத்தான் செய்யும்.