படபடப்புக்கு எக்செல் ஷீட் போடுவது எப்படி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருசமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டேலியும் எக்செல்லும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. வீடு பெருமாநல்லூர் பக்கம். தினமும் பி.என். ரோட்டில் பஸ்ஸில்தான் போய் வருவேன். ஒரு நாள் காலைக் கூட்டத்தில், புது பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால், திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்க் கண் இருட்டியது. இன்றோடு சரி என்றே நினைத்தேன். பாதி வழியில் இறங்கி ஒரு பேக்கரி வாசலில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஆனால் அடுத்த ஏழு மாதம் நான் பஸ் ஏறவே இல்லை. வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுவந்து விட்டார்.

"எதையோ பாத்துப் பயந்திருக்கறே கண்ணு, தண்ணி மந்திரிச்சுட்டு வந்தரலாம்" என்று மாமியார் கூட்டிப் போனார். அந்தப் பிரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் திரும்ப பஸ் ஏற்றியது மனநல டாக்டரும், அவர் அனுப்பிவைத்த சைக்காலஜிஸ்ட் அம்மாவும், ஒரு எக்செல் ஃபைலும். அந்த ஃபைலை எப்படிப் போடுவது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ஷீட்டைத் திறக்கும் முன்னால் டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு படபடப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம், ரத்தசோகை இருக்கலாம், இதயமே காரணமாக இருக்கலாம். எனக்கு ஈசிஜி எடுத்து, தைராய்டு பார்த்து, ஹீமோகுளோபின் பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் "இது பேனிக்" என்றார்கள், அதாவது திடீரென்று உச்சத்துக்கு ஏறும் பயம். உடம்பில் அட்ரினலின் பாய்கிறது, மூச்சு வேகமாகிறது, அதனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, அதனால் விரல் மரக்கிறது, தலை சுற்றுகிறது. இதை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியபோதே எனக்குப் பாதி வெசனம் தீர்ந்தது. தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு இந்த ஷீட் வேலைக்கு ஆகாது. 14416க்கு உடனே கூப்பிடுங்கள். அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஃபைலின் முதல் டேபில் (முதல் ஷீட்டில்) ஜிஏடி-7 போடுங்கள். பதற்றத்தை அளக்கும் கேள்வித்தாள் அது. 2006ல் ஸ்பிட்சரும் அவர் குழுவும் வெளியிட்ட ஏழு கேள்விகள். தமிழிலும் இலவசமாகவே கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் பதற்றமாக இருந்தது, கவலையை நிறுத்த முடியாமல் போனது என்பது போலக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 21. ஐந்திலிருந்து லேசானது, பத்திலிருந்து நடுத்தரம், பதினைந்திலிருந்து கடுமையானது. பத்தைத் தொட்டால் டாக்டரிடம் போவது நல்லது. இந்த எண்ணே நோயின் பெயர் ஆகிவிடாது, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டால் போதும். தினமும் போட ஆரம்பித்தால் அதுவே ஒரு புதுக் கவலையாகிவிடும். எனக்கு முதல் தடவை 16 வந்தது.

இனி முக்கியமான டேப். இதில் அவசரப்படாதீர்கள்.

பேங்க் ரீகன்சிலியேஷன் போட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று பிடிபடும். நம்ம புத்தகத்தில் ஒரு பேலன்ஸ் இருக்கும், பேங்க் ஸ்டேட்மெண்டில் வேறொன்று இருக்கும். வித்தியாசம் எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை கணக்கை மூட முடியாது. பயத்திலும் அதேதான். மனசு எழுதி வைத்திருப்பது நம்ம புத்தகம். பஸ்ஸில் நிஜமாக நடப்பது பேங்க் ஸ்டேட்மெண்ட். நான் ஏழு மாதமாக ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்க்காமலே என் புத்தகத்தை மட்டும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதனால் ஷீட்டில் காலங்களை (column) இப்படிப் பிரியுங்கள்: தேதி, இடம், என்ன நடக்கும் என்று நினைக்கிறேன், அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறேன், பதற்றம் (ஏறும் முன், உச்சம், இறங்கும்போது, எல்லாம் 0 முதல் 100), எதைப் பிடித்துக்கொண்டு போனேன், என்ன நடந்தது. முதல் நான்கு காலத்தையும் கிளம்பும் முன்பே நிரப்ப வேண்டும். வந்த பிறகு எழுதினால் மனசு கணக்கைத் திருத்திவிடும், "நான் அவ்வளவு ஒன்றும் பயப்படவில்லையே" என்று சொல்லும். எழுதியதை மாற்ற மனசு வராதபடி நான் அந்த செல்களை லாக் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

"நினைக்கிறேன்" காலத்தில் "பயமாக இருக்கும்" என்று எழுதினால் பிரயோசனமில்லை. சைக்காலஜிஸ்ட் அம்மா அதை இரண்டு தடவை அடித்துவிட்டார். "மேடம், ஒரு கேமரா வெச்சா அதுல தெரியற மாதிரி எழுதுங்க" என்றார். என் ஃபைலில் உள்ள ஒரு வரியை அப்படியே தருகிறேன்.

பூலுவப்பட்டி வரை, காலை 8.50. நினைப்பது: மயங்கி விழுவேன், வண்டியை நிறுத்துவார்கள், எல்லாரும் திட்டுவார்கள். நம்பிக்கை 90. பதற்றம்: முன் 70, உச்சம் 85, இறங்கும்போது 60. பிடிமானம்: தண்ணி பாட்டில். நடந்தது: கை வியர்த்து டிபன் பையை நழுவ விட்டேன், பக்கத்தில் நின்ற அம்மா எடுத்துக் கொடுத்து "உக்காருங்க கண்ணு" என்று இடம் விட்டார். விழவில்லை. யாரும் திட்டவில்லை.

இறங்கும்போதும் 60 இருக்கிறது, பாருங்கள். தோற்றுவிட்டேன் என்று அழுதுகொண்டு போய் சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் காட்டினேன். அவர் அந்த 60ஐப் பார்க்கவே இல்லை, 90ஐயும் "விழவில்லை"யையும் விரலால் தொட்டுக் காட்டினார். கலிபோர்னியாவில் மிஷெல் கிராஸ்கி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2014ல் இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். பயம் அந்த இடத்திலேயே இறங்கியாக வேண்டும் என்பதில்லை, நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மூளை பார்ப்பதுதான் முக்கியம் என்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதுப் பாடம் ஒன்று உட்காருகிறது. அதே பூலுவப்பட்டிக்குப் பதினோரு தடவை போனேன். நம்பிக்கைக் காலம் 90லிருந்து 35க்கு வந்தது. அந்த ஒரு காலத்துக்கு மட்டும் லைன் சார்ட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்துக்குப் போடும் சார்ட் முதல் சில வாரம் ஏறிக்கூட இருக்கும், அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம்.

பிடிமானக் காலத்தையும் விட்டுவிடக் கூடாது. தண்ணி பாட்டில், ஜன்னல் சீட், இஞ்சி மிட்டாய், லைனிலேயே வைத்திருக்கும் வீட்டுக்காரர். இவை எல்லாம் "பாட்டில் இருந்ததால்தான் தப்பித்தேன்" என்று கணக்கைக் கெடுக்கும். ஒவ்வொன்றாகக் கைவிட வேண்டும். எனக்குக் கடைசி வரை விட முடியாமல் இருந்தது ஸ்மார்ட் வாட்ச்தான். நாடித்துடிப்பு 110 என்று காட்டினால் அதைப் பார்த்தே 130 ஆகும். கழற்றி டிராயரில் வைத்த வாரம்தான் உண்மையாக முன்னேறினேன்.

மூன்றாவது டேப் ஏணி. பயங்களை எழுதி, சின்னதிலிருந்து பெரியதுக்கு ஏறுவரிசையில் அடுக்குங்கள். என் ஏணி ஸ்டாப்பில் நின்று மூன்று பஸ்ஸைப் போக விடுவதில் தொடங்கி, பூலுவப்பட்டி, புது பஸ் ஸ்டாண்டு, புஷ்பா தியேட்டர், பழைய பஸ் ஸ்டாண்டு என்று போய், உச்சியில் பங்குனி மாதம் எங்கள் ஊர் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் நோம்பிக் (தீமிதித் திருவிழா) கூட்டம்.

முதல் படியிலேயே கால் வைக்க முடியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் இன்னொரு உதவி செய்யும். அமெரிக்காவில் பார்பரா ராத்பாமும் லாரி ஹாட்ஜஸும் 1995லேயே உயரத்துக்குப் பயப்படுகிறவர்களைக் கம்ப்யூட்டரில் வரைந்த பாலத்திலும் கண்ணாடி லிஃப்டிலும் நிற்க வைத்துப் பயத்தைக் குறைத்துக் காட்டினார்கள். தலையில் மாட்டும் அந்தக் கருவி என்னிடம் இல்லை. என் பையன் காலைக் கூட்டத்தில் பஸ்ஸுக்குள் நின்று போனில் பதினோரு நிமிசம் வீடியோ எடுத்து வந்தான். பிரேக் சத்தம், விசில், "உள்ள போங்க்கா, படியில நிக்காதீங்க" என்ற கண்டக்டர் குரல், எல்லாம் இருந்தது. கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டி, மானிட்டரில் முழுத்திரையில் பார்த்தேன். முதல் நாள் நாலாவது நிமிசமே உள்ளங்கை நனைந்துவிட்டது. அதற்கும் ஷீட்டில் வரி உண்டு.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி உட்கார்ந்து "நெஞ்சு படபடப்பு" என்று கூகுளில் தேடாதீர்கள். எதைத் தேடினாலும் மாரடைப்பு பற்றிய பக்கத்தில்தான் போய் முடியும், விடிய விடியத் தூக்கம் போய்விடும். பேசும் ஏஐ செயலிகளிடம் "எனக்கு ஒன்றும் ஆகாதுதானே" என்று பத்துத் தடவை கேட்பதும் ஒரு பிடிமானம்தான், பிடிமானக் காலத்தில் எழுதுங்கள். இந்த ஈர்ப்பு இன்றைக்கு வந்ததல்ல. 1966ல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம், எலிசா என்று ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். நாம் டைப் செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது எழுதப்படும்போதே கூட இருந்து பார்த்த அவருடைய செக்ரட்டரி, அதோடு சில வார்த்தை பேசியதும், அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். மனசு எதைக் கண்டாலும் கொட்டத் துடிக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அதோடு பேசுவது பஸ் ஏறுவதாகாது. மாத்திரை அளவையும் ஷீட்டைப் பார்த்தோ செயலியைக் கேட்டோ நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள்.

ஃபைலை ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். நான் வேறொரு வேலைக்கு நடுவில் ஷேர்டு ஃபோல்டரில் சேமித்துவிட்டேன். யாரோ திறந்து பார்த்து, ஒரு வாரம் என் முதுகுக்குப் பின்னால் பேச்சு ஓடியது. சொந்த லேப்டாப்பில் வையுங்கள். எக்செல்லில் ஃபைல் மெனுவைத் திறந்து இன்ஃபோவுக்குள் போனால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதி இருக்கிறது. ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் திறக்க வழி இல்லை, வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரே ஒரு ஏ4 பக்கம் பிரிண்ட் எடுங்கள். மேலே ஜிஏடி எண்கள், நடுவில் நம்பிக்கை சார்ட், கீழே கடைசி ஐந்து வரி. அரசு ஆஸ்பத்திரி ஓபி கூட்டத்தில் டாக்டருக்கு நம்மோடு பேசக் கிடைப்பது சில நிமிசம்தான். "எப்படிம்மா இருக்கு" என்று கேட்டால் போன வாரத்தின் மோசமான நாள்தான் நம் வாயில் வரும். தாள் மற்ற நாட்களையும் சொல்லும்.

சரியான பிறகும் ஃபைலை அழிக்காதீர்கள். போன வருசம் காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபின், பஸ்ஸில் எனக்கு மறுபடி அதே படபடப்பு வந்தது. புது ஷீட் போடவில்லை. பழையதைத் திறந்து, பூலுவப்பட்டி வரிகளுக்குக் கீழே ஒரு ரோ சேர்த்தேன். நினைப்பது: மயங்கி விழுவேன். நம்பிக்கை 40. மேலே முதல் வரியில் 90 அப்படியே நின்றது. பாட்டிலை எடுக்காமல் 8.50 வண்டிக்குக் கிளம்பினேன்.