வளர்ந்த நாய்க்குப் புதிய வீடு தேடுவது எப்படி

வடசென்னையில் வீடு மாறும் பல குடும்பங்களுக்குச் சாமான்களைக் கட்டுவதைவிடப் பெரிய சங்கடம் நாயைப் பற்றியதாகவே இருக்கிறது. தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ நடையும் மொட்டை மாடியும் உள்ள வீட்டில் ஐந்தாறு ஆண்டுகள் வளர்ந்த நாயை, வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை என்று உரிமையாளர் முன்கூட்டியே சொல்லிவிட்ட அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடிவதில்லை. வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டி முடிக்கும்வரை வாடகை வீட்டில் இருக்க வேண்டியவர்களுக்கும், பணி ஓய்வுக்குப் பின் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்களுக்கும் இதே நிலைதான். வளர்ந்த நாயை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், அது சரியன்று. குட்டி எப்படி வளரும் என்பது அதை எடுப்பவருக்குத் தெரியாது. வளர்ந்த நாயின் குணமும் உணவும் அச்சமும் நோயும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தவற்றை மறைக்காமல் முழுமையாகச் சொல்வதே நல்ல வீடு அமைவதற்கான வழி. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

நாயைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தடை சொல்வது யார் என்பதைப் பொறுத்து வழியும் மாறும். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கெடுத்தாலும் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகக் கூறியிருக்கிறது. அதை எழுத்தில் காட்டிப் பேசினால் சில சங்கங்கள் இறங்கி வரும். வீட்டின் உரிமையாளரே மறுப்பது வேறு விஷயம். தம் வீட்டை யாருக்கு விடுவது என்பது அவர் விருப்பம் என்பதால், அங்கே சட்டத்தைவிடப் பேச்சே பயன்படும். இப்போதைய உரிமையாளரிடமிருந்து நாயால் தொல்லை இருந்ததில்லை என்று ஒரு கடிதம், தடுப்பூசிப் புத்தகம், சேதம் ஏற்பட்டால் ஈடுகட்டக் கூடுதலாகச் சிறிது முன்பணம் ஆகியவற்றோடு நாயையும் நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர் இசைந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் குடியேறிய பின் வெளியேறச் சொன்னால், நாய்க்கு இடம் தேட அவகாசமே இருக்காது.

அவர் இசையவில்லை என்றால், வீடு மாறுவது முடிவான அன்றே நாய்க்கான தேடலையும் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மாதங்களாவது கையில் இருப்பது நல்லது. ஏழு வயதைக் கடந்த நாய்க்கும், தொடர்ந்து மருந்து தேவைப்படும் நாய்க்கும் இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கும். கடைசி வாரத்தில் தேடுபவர், கேட்ட முதல் ஆளிடம் கொடுத்துவிடும் நெருக்கடிக்கு ஆளாகிறார். நாட்களைக் கணக்கிடும்போது தீபாவளியை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். பழகிய வீட்டிலேயே வெடிச் சத்தத்துக்கு மிரளும் நாய், அறியாத வீட்டில் கதவு சற்றுத் திறந்தாலும் ஓடிவிடும். அக்னி நட்சத்திரக் காலத்தில் கொடுக்க நேர்ந்தால் பயணம் அதிகாலையில் அமைய வேண்டும்.

அடுத்தது மருத்துவம். வெறிநோய்த் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் நடப்பு ஆண்டுக்குப் போடப்பட்டிருக்க வேண்டும். உண்ணி நம் ஊரில் ஆண்டு முழுவதும் இருப்பதால், நாய் சற்றே சோர்ந்திருந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வடசென்னைவாசிகளுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. கருத்தடை அறுவை சிகிச்சையை முதலிலேயே முடித்துவிட வேண்டும். தையல் ஆற 10 முதல் 14 நாட்கள் ஆகும். பெண் நாய்க்கு இது மிக முக்கியம். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு வயது ஏறும்போது கருப்பையில் சீழ் கட்டும் ஆபத்து உண்டு. அதோடு, லாப்ரடார், பொமேரியன் போன்ற நாய்களைச் செல்லமாக வளர்ப்பதாகச் சொல்லி வாங்கிச் சென்று, ஈற்றுக்கு ஈற்று குட்டி போட வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அறுவை முடிந்துவிட்டது என்று அறிவித்தாலே அத்தகையவர்கள் விலகிவிடுவார்கள்.

இதன் பிறகு, நாயைப் பற்றிய குறிப்பை அமர்ந்து எழுத வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலோர் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். 'பாசமான நாய், எல்லோரிடமும் பழகும்' என்ற வரியால் யாருக்கும் பயனில்லை. என்ன தின்னும் என்று எழுதுங்கள்: காசிமேட்டு மீனை முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து கொடுத்தே வளர்ந்த நாய், மீன் நுழையாத வீட்டில் முதல் வாரம் தட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடும், கடைத் தீவனம் மட்டுமே தின்று பழகிய நாய்க்குச் சோறு வயிற்றைக் கெடுக்கும். எந்நேரம் வெளியே போகும், மாடியில் கழிக்குமா தெருவில்தான் கழிக்குமா, எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும், தனியாக விட்டால் குரைக்குமா, கதவைப் பிறாண்டுமா என்பதையெல்லாம் எழுதுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையின் கன்டெய்னர் லாரிச் சத்தத்தில் உறங்கிய நாய், மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ ஒரு மாட்டைக் கண்டு நடுங்கக்கூடும். சந்துக்குள் வளர்ந்த நாய் பெரிய சாலையைக் கண்டு இழுத்துக்கொண்டு ஓடக்கூடும். பூனை, கோழி, சிறு குழந்தைகள், சைக்கிளில் வருபவர், சீருடை அணிந்தவர் என ஒவ்வொன்றுக்கும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்திருந்தால் தெரிந்ததையும், அப்படி ஒரு சந்தர்ப்பமே வாய்த்ததில்லை என்றால் அதையும் எழுதிவிடுங்கள்.

நாய் எப்போதாவது யாரையாவது கடித்திருந்தால் அதை மறைக்கவே கூடாது. யாரை, எந்தச் சூழலில், காயம் எவ்வளவு என்று அப்படியே சொல்லிவிட வேண்டும். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறிய பிறகு, சென்னையில் நாய் வளர்ப்பு பற்றிய பார்வையே மாறியிருக்கிறது. தட்டின் அருகே கை நீட்டினால் உறுமும் நாயை, குழந்தை இல்லாத, நாய் வளர்த்துப் பழகிய ஒருவர் நன்றாகவே வைத்துக்கொள்வார். அதே நாயை விவரம் சொல்லாமல் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கொடுத்தால் குழந்தைக்கும் கேடு, நாய்க்கும் கேடு.

தேடலை நாயை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்து தொடங்குவதே நல்லது: அடுத்த வீட்டுக்காரர், நடைப்பயிற்சியில் தினமும் அதைத் தட்டிக் கொடுத்துப் போகும் பெரியவர், பால் போடுபவர், சித்தப்பா அத்தை வீடுகள், உங்கள் கால்நடை மருத்துவர், தெரு நாய்களுக்குச் சோறு வைக்கும் அம்மாக்கள். இவர்களிடம் அமையாவிட்டால் மட்டும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் போங்கள். அங்கே முழு முகவரியைப் போடாமல், தெளிவான படங்களோடு, நீங்கள் எழுதிய குறிப்பின் சுருக்கத்தைப் போடுங்கள்.

மாதவரம், மணலி, செங்குன்றம் பக்கங்களில் கிடங்குகளும் லாரி ஷெட்டுகளும் மிகுதி. அங்கிருந்து காவலுக்கு நாய் கேட்டு வருவார்கள். உடனே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஆசை தோன்றும். வீட்டுக்குள் மனிதர்களோடு படுத்து வளர்ந்த நாயை அப்படிப்பட்ட இடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பகலெல்லாம் சங்கிலியில், இரவெல்லாம் தனிமையில், காவலாளி மாறும்போதெல்லாம் புதிய கையில் சோறு என்ற வாழ்க்கையில் அது முரடாகும் அல்லது ஒடுங்கிப்போகும். நீங்கள் தேட வேண்டியது, உங்கள் வீட்டின் ஒருநாள் நடைமுறையை ஓரளவேனும் ஒத்த வீட்டைத்தான்.

கேட்டு வருபவர் வீட்டுக்கு ஒருமுறையாவது நாயோடு போய்ப் பாருங்கள். வாடகை வீடானால் அவர்களுடைய உரிமையாளரின் ஒப்புதலைக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு நேர்ந்ததே அவர்களுக்கும் நேரும். பகலில் யார் வீட்டில் இருப்பார்கள், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலும், அதைச் சொல்லும் விதமும் பலவற்றைக் காட்டிக் கொடுக்கும். வீட்டில் ஒருவருக்காவது விருப்பமில்லை என்று தெரிந்தால் நயமாக மறுத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டவர்களிடமும் முதல் இரண்டு வாரங்களைப் பழக்கக் காலமாக வைத்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொள்வது இருவருக்கும் நிம்மதி.

காகிதங்களை அலட்சியம் செய்ய வேண்டாம். சென்னை மாநகராட்சி 2025இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தையும், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. உரிமக் கட்டணமோ ஆண்டுக்கு 50 ரூபாய்தான். நாய் கைமாறும்போது புதியவர் தம் பெயரில் உரிமம் பெற வேண்டும், மைக்ரோசிப்போடு பதிவான கைப்பேசி எண்ணும் மாற வேண்டும். வடசென்னைக்காரர்களுக்கு இதற்குத் திரு.வி.க. நகரிலுள்ள மாநகராட்சிச் செல்லப்பிராணி மருத்துவமனை பக்கம். இதோடு, தேதியும் இருவர் கையொப்பமும் உள்ள ஒரு கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். நாயின் அடையாளம், மருத்துவ விவரம் ஆகியவற்றோடு, வளர்க்க முடியாமல் போனால் வேறு யாரிடமும் கொடுக்காமல் முதலில் உங்களிடம் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கொடுக்கும் நாளில், வண்டி ஏறுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள், தண்ணீர் கொடுக்கலாம். புதியவரின் எண் பொறித்த கழுத்துப்பட்டையைக் கிளம்பும் முன்பே மாட்டுங்கள். அது படுத்த போர்வையைத் துவைக்காமல் அப்படியே கொடுங்கள்; அதன் தட்டு, வார், பத்து நாளுக்கான பழைய உணவு ஆகியவையும் உடன் போகட்டும். புதிய வீட்டில் அரை மணி நேரம் இருந்துவிட்டு, நீண்ட விடைபெறுதல் இல்லாமல் கிளம்புங்கள். முதல் சில வாரங்கள் வெளியே செல்லும்போது கழுத்துப்பட்டையிலும் மார்புப்பட்டையிலும் ஆக இரண்டு வார்கள் இருக்க வேண்டும் என்று அவர்களிடம் வற்புறுத்துங்கள். பழைய வீட்டைத் தேடி ஓடும் நாய்க்கு, கொருக்குப்பேட்டை, பேசின் பாலம் பக்கத்துத் தண்டவாளங்கள் பெரும் ஆபத்து.

முதல் மூன்று நாட்கள் சாப்பிடாமல் மூலையில் படுத்திருப்பதும், மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கைக் கற்றுக்கொள்வதும், மூன்று மாதத்தில் அது தன் வீடு என்று ஆவதும் பொதுவாகக் காணப்படும் போக்கு. அந்த முதல் வாரங்களில் நேரில் போகாமல் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதோடு இருங்கள். நீங்கள் போய்ப் போய்த் திரும்பினால் அதன் ஏக்கம்தான் நீளும்.

வீடு மாறும் நாள் வந்தும் இடம் அமையவில்லை என்றால், தெரிந்தவர் ஒருவரிடம் உணவுக்கும் மருந்துக்கும் பணம் கொடுத்துத் தற்காலிகமாக வைத்துவிட்டுத் தேடலைத் தொடருங்கள். 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற காப்பகங்கள் அடிபட்ட, கைவிடப்பட்ட விலங்குகளால் நிறைந்திருப்பவை. வீட்டு நாய்க்கு அதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். மீன் கிடைக்குமே என்று துறைமுகத்திலோ, கடற்கரையிலோ, சந்தையிலோ விட்டுவிடுவது வழியே அல்ல. அந்த இடத்துக்கென ஏற்கெனவே உள்ள நாய்கள் புதிய நாயைக் கடித்து விரட்டும். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும்.

கொடுத்த நாய் சில வாரங்களில் திரும்பி வந்தால், அந்தக் குடும்பத்தாரோடு சண்டையிடாமல், அங்கே என்ன நடந்தது, எந்த நேரத்தில், யாரிடம் என்று விரிவாகக் கேட்டு உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொண்டு, திருத்திய குறிப்போடு அடுத்த வீட்டைத் தேடத் தொடங்குங்கள்.