சிறுவர் படப்புத்தகத்துக்கு ஓவியர் ஆவது எப்படி? நெல்லைப் பக்கம் இருந்துகொண்டே தொடங்கலாம்

பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் கோவில்பட்டியிலும் நன்றாகப் படம் வரைகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடச் சுவர், கொடை விழா பேனர், நண்பர்களின் பிறந்தநாள் படம் என்று கை ஓயாமல் வரைகிறார்கள். குழந்தைகளுக்கான படப்புத்தகம் என்றால் மட்டும் "அதெல்லாம் சென்னைக்காரங்க வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை. கதை மின்னஞ்சலில் வரும், படம் மின்னஞ்சலில் போகும், நடுவில் இருக்கும் வேலையை ராதாபுரத்தில் உட்கார்ந்தும் செய்யலாம்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். அழகாக வரைவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. எழுத்து சொல்லாமல் விட்டதைப் படம் சொல்ல வேண்டும். "ஆச்சி ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனாள்" என்று எழுத்தாளர் ஒரு வரி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆச்சி நெற்றியில் கைவைத்துத் தேடுகிற மாதிரி வரைந்தால் அந்த வரியையே இன்னொரு தடவை சொல்லியதாகத்தான் ஆகும். ஆச்சி தேரிக்காட்டுச் செம்மணலில் விறுவிறுவென்று நடக்கட்டும், பின்னாலேயே குட்டி வந்து அவள் முந்தானை நுனியைச் சவைத்துக்கொண்டிருக்கட்டும். பக்கம் புரளப் புரள முந்தானை குட்டையாகிக்கொண்டே போகட்டும். எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எழுத்துக்கூட்டத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளை, ஆச்சிக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டது என்று கத்திக்கொண்டு விரலை வைத்துக் காட்டும். உங்களுக்குச் சம்பளம் தருவதே அந்த முந்தானைக்காகத்தான்.

சரி, பயிற்சியை எங்கே தொடங்குவது? டம்மியில், அதாவது புத்தகம் போலவே கையால் மடித்துச் செய்கிற மாதிரியில். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்துக் குறுக்கே மடித்து நடுவில் பின் அடித்தால் 16 பக்கம், அச்சகத்தில் ஒரு ஃபாரம் என்று சொல்கிற கணக்கு. அட்டை தனி. முதல் பக்கம் தலைப்பு, இரண்டாவது பதிப்பு விவரம், கதை மூன்றாம் பக்கத்தில் தொடங்கும். அப்புறம் 4-5 முதல் 14-15 வரை ஆறு விரிபக்கங்கள் (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்), கடைசியில் 16ஆம் பக்கம் தனியாக நிற்கும். உங்கள் கதைக்குக் கிடைக்கிற மொத்த இடம் இவ்வளவுதான். (வெளிநாட்டுப் பதிப்பகங்களில் 32 பக்கம் வழக்கம்.) தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டங்களாக எல்லாப் பக்கங்களையும் ஒரே தாளில் கிறுக்கிப் பாருங்கள். எல்லாக் கட்டத்திலும் ஆட்கள் ஒரே உயரத்தில், ஒரே தூரத்தில் நின்றால் புத்தகம் தூங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் ஆகாயத்திலிருந்து பாருங்கள், அடுத்ததில் எறும்பின் உயரத்துக்கு இறங்குங்கள்.

வலப்பக்கத்தின் கீழ்மூலையில் கேள்வியை வையுங்கள், பக்கத்தைத் திருப்பினால் பதில் இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் தெரிந்தால் போதும், பிள்ளை திருப்பியே தீரும். இன்னொன்று, நடுவில் பின் அடிக்கிற 16 பக்கப் புத்தகத்தில் 8-9 மட்டும்தான் ஒரே தாள். மற்ற விரிபக்கங்களில் இடமும் வலமும் வெவ்வேறு தாளிலிருந்து வந்து சேர்வதால் ஒரு மயிரிழையாவது விலகும். அதனால் ஆளின் முகத்தை மடிப்பில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பெரிய படம், நீளமான ஆறு, ஊர்வலம் என்றால் 8-9க்கு ஒதுக்குங்கள்.

எதை வரைவது என்ற கேள்விக்கு நம்ம ஊரில் விடை தேட வேண்டியதில்லை. இணையத்தில் பார்த்த ஆப்பிள் மரமும் புகைபோக்கி வீடும் நம் பிள்ளைகளின் புத்தகத்தில் எத்தனை காலம்தான் இருக்கும்? பாளை மார்க்கெட்டில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து, வாழைத்தார் தூக்குகிறவரின் இடுப்பு எப்படி வளைகிறது என்று மட்டும் வரையுங்கள். குறுக்குத்துறையில் ஆற்றில் குதிக்கிற பையன்களை வரையுங்கள், யாரும் அசையாமல் நிற்கமாட்டார்கள், அதுதான் நல்ல பயிற்சி. பனை விசிறி மாதிரி ஓலை விரிக்கும், தென்னை இறகு மாதிரி. இரண்டையும் ஒன்றுபோல் வரைந்தால் சாத்தான்குளத்துப் பிள்ளை உங்களை நம்பாது. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையைப் போய்ப் பாருங்கள். சீசனில் வீட்டு வாசலிலிருந்தே பார்க்கலாம். கழுத்து எங்கே தடிக்கிறது, கால் எங்கே மடங்குகிறது என்பதெல்லாம் புகைப்படத்தில் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

கதையைப் படமாக நகர்த்தக் கற்றுக்கொள்ள, திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் நாயக்கர் காலச் சுவரோவியங்களைப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள். போர், குதிரை, கப்பல் எல்லாம் வரிசை வரிசையாக ஓடும், கண் தானாகவே அடுத்த காட்சிக்குப் போய்விடும். குற்றாலம் சித்திர சபையும் பக்கத்தில்தானே இருக்கிறது.

பொருட்களில் பணத்தைக் கொட்டாதீர்கள். போஸ்டர் கலரும் பென்சிலும் போதும், வாட்டர் கலர் என்றால் தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) வாங்குங்கள், மெலிந்த தாள் சுருண்டுவிடும். கணினியில் வரைய கிரிட்டா என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்கேன் செய்தாலும் கணினியில் வரைந்தாலும் அச்சு அளவிலேயே 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரையுங்கள், கத்தரிக்கும்போது அது போய்விடும். திரையில் மின்னுகிற கிளிப்பச்சை சிஎம்ஒய்கே அச்சில் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மையால் அச்சிடுவது) சோர்ந்துபோகும், நாற்றங்கால் பச்சையை நம்பி ஒரு புத்தகம் முழுக்க வரைகிறவர்கள் இதை முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். சிவகாசி தூரமில்லை. தெரிந்தவர் மூலமாக ஓர் ஆஃப்செட் அச்சகத்துக்குள் போய், மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டின் (அச்சுத் தகட்டின்) பதிவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து படம் உருவாவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். எழுத்தை ஏன் படத்தோடு சேர்த்து வரையக் கூடாது என்பதும் அங்கே புரியும். எழுத்து தனியாகக் கறுப்பில் இருந்தால், அதே புத்தகத்தை இந்தியிலோ மலையாளத்திலோ போடும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். படத்துக்குள் கடைப் பலகையில் "ராஜா டீ ஸ்டால்" என்று வரைந்துவைத்தால் அத்தனை மொழிக்கும் தொல்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, எழுத்துக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இடம் விடுங்கள்.

பதிப்பகங்களுக்கு அனுப்ப மாதிரிப் படங்கள் பத்துப் பதினைந்து போதும். சாமி படம், நடிகர் முகம் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒரே குழந்தையைப் பல கோணத்தில், சிரித்து, கோபித்து, ஓடி, தூங்கி வரைந்த ஒரு தாள் அவசியம், ஏனென்றால் மூன்றாம் பக்கத்துப் பிள்ளையும் பத்தாம் பக்கத்துப் பிள்ளையும் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும், பதிப்பாசிரியர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒரு கூட்டம், ஒரு விலங்கு, அடுத்தடுத்து வரும் இரண்டு மூன்று விரிபக்கங்கள் சேருங்கள். சென்னையில் தாரா, தூலிகா என்ற பதிப்பகங்கள் முறையே 1994லும் 1996லும் தொடங்கியவை, தில்லியில் நேஷனல் புக் டிரஸ்ட் 1957லிருந்து இருக்கிறது, பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் தமிழிலேயே நிறையப் போடுகிறது. அனுப்புவதற்கு முன்னால் அவரவர் புத்தகங்களைப் பாளை மாவட்ட மைய நூலகத்திலோ புத்தகத் திருவிழாவிலோ புரட்டிப் பாருங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் 2015 முதல் ஏராளமான கதைகள் இலவசமாக இருக்கின்றன, பார்த்துப் படிக்க அருமையான இடம். அங்கே திறந்த உரிமத்தில் போகும் படத்தை, பெயரைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது, அந்தப் புத்தகங்களையும் அரசுப் பள்ளியில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இனி பணம். இதில் கூச்சமே கூடாது. பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளர். அதனால் "நம்ம ஆள்தானே" என்று வாய்ப்பேச்சில் வேலையைத் தொடங்காதீர்கள். உரிமை யாருக்கு, எந்த மொழிகளுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று காகிதத்தில் வரட்டும். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். உரிமையை விற்றாலும் வரைந்தவர் நீங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவின்படி உங்களிடமே இருக்கும், ஆகவே அட்டையில் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயரும் வர வேண்டும் என்று கேளுங்கள். மொத்தத் தொகையா, ராயல்டியா (விற்பனையில் ஒரு பங்கு), இரண்டும் சேர்த்தா என்பது பேசி முடிக்க வேண்டியது. எதுவானாலும் கையெழுத்தின்போது ஒரு பங்கு, பென்சில் வரைவு ஒத்துக்கொண்டதும் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி என்று பிரித்து வாங்குங்கள். திருத்தம் எத்தனை முறை என்பதையும், அசல் ஓவியங்கள் உங்களுக்கே திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

16 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு மூன்று மாதம் போய்விடும், அதை மட்டும் நம்பி வீடு நடத்துவது தொடக்கத்தில் கஷ்டம். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் ஆகிய அரசு ஓவியத் தேர்வுகளை லோயர், ஹையர் என்ற இரு நிலையிலும் முடித்துவைத்தால் ஓவிய ஆசிரியர் வேலைக்கு உதவும். டிடிபி சென்டர், அங்கன்வாடிச் சுவர், பாடநூல் படங்கள் எல்லாமே கையை ஓடவைக்கும், வாடகையும் வந்துவிடும். ஆனால் காலையில் ஒரு மணி நேரமாவது உங்கள் சொந்த டம்மிக்கு ஒதுக்குங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பழைய மாதிரிகளில் சுமாரானதை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்து அதே பதிப்பகங்களுக்குத் திரும்ப அனுப்புங்கள். முதல் தடவை பதில் வரவில்லை என்றால் படம் மோசம் என்று அர்த்தமில்லை, அந்த நேரம் உங்கள் கைக்கு ஏற்ற கதை அவர்களிடம் இல்லாமல் இருந்திருக்கலாம்.