பினாங்கில் கயாக் ஓட்டப் போகிறீர்களா? முதலில் நாட்காட்டியைப் பாருங்கள்

கயாக் (உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு), பேடல் போர்டு (நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை) என்று கிளம்புகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்றுதான். நான் முதலில் பார்ப்பது வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பினாங்குக் கடல் நன்றாக ஏறும், நன்றாக வற்றும், இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் வித்தியாசம் இருக்கும், நீரோட்டமும் அன்றைக்கு வேகமாக இழுக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கி வைக்கிற அஷ்டமி, நவமி இருக்கிறதே, புதிதாகத் துடுப்புப் பிடிப்பவருக்கு அதுதான் நல்ல நாள். ஏற்ற இறக்கம் குறைவு, இழுப்பும் குறைவு.

ஒரு தடவை இதைப் பார்க்காமல் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் தம்பியோடு இறங்கினேன். காலை எட்டரைக்குத் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்குத் திரும்பி வந்தால் கயாக் தரை தட்டி நிற்கிறது, கரைக்கு இன்னும் நூறு அடி, நடுவில் முழங்கால் வரை சேறு. "அண்ணே, தண்ணி எங்க போச்சு?" என்கிறான். இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம், அவனுடைய ஒரு ஜப்பான் சிலிப்பர் சேற்றுக்குள்ளேயே போய்விட்டது, எனக்குச் சிப்பி ஓடு குதிகாலைக் கிழித்தது. அன்றிலிருந்து கட்டுகிற சப்பாத்து இல்லாமல் நான் இறங்குவதில்லை.

கணக்கு ரொம்ப எளிது. ஏற்றத்திலிருந்து வற்றத்துக்குச் சுமார் ஆறு மணி நேரம், மறுநாள் அதே ஏற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளி வரும். சரியான நேரம் கைப்பேசியிலேயே கிடைக்கும். உச்ச ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்கி, உச்சம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

அந்த ஏற்றம் காலையில் வருகிற நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே ஏழு மணி தாண்டித்தான் சூரியன் வரும், எட்டிலிருந்து பத்தரை வரை கடல் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றினதுபோல் கிடக்கும், அப்புறம் காற்று எழும்ப ஆரம்பித்துவிடும். மத்தியானத்துக்கு மேல் இடி மழை வேறு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியற்காலையில் மேற்கேயிருந்து 'சுமத்ரா' என்று சொல்கிற காற்றுமழை திடீரென்று வரும். மேற்கே வானம் கறுத்தால் இறங்கவே வேண்டாம். தண்ணீரில் இருக்கும்போது இடிச்சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் கரைக்கு வந்துவிடுங்கள்.

காலை நேரத்துக் கடலில் ஒரு ஏமாற்று இருக்கிறது. மலைப்பக்கமிருந்து லேசான காற்று கடலை நோக்கி வீசும், அது முதுகில் தள்ளும்போது "பரவாயில்லையே, நமக்கு நன்றாக வருகிறதே" என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும் யார் ஓட்டினது என்று. அதனால் முதல் பாதி எப்போதும் காற்றுக்கு எதிரே, கரையை ஒட்டியே போங்கள். கை அசந்த பிறகு காற்று உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும். புலாவ் திக்குஸ் தீவு (ஊருக்குள் இருக்கிற இடம் இல்லை, அந்த இடத்துக்குப் பெயர் கொடுத்த குட்டித் தீவு) கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். முதல் நாள் அதற்கு ஆசைப்படாதீர்கள்.

கயாக்கில் கால் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், துடுப்பின் குழிந்த பக்கம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் அரை மணி நேரத்தில் தோள் கழன்றுபோகும், இடுப்புக்கு மேலே உடம்பைத் திருப்பித் திருப்பி இழுங்கள்.

போர்டு வேறு கதை. துடுப்பின் வளைவு முன்பக்கம் சாய்ந்திருக்கிற மாதிரி பிடிக்க வேண்டும், எல்லாரும் முதலில் தலைகீழாகத்தான் பிடிப்பார்கள். தண்ணீர் தொடை அளவு வந்ததும் போர்டின் நடுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு ஏறுங்கள், மண்டி போட்டபடியே ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், அப்புறம் ஒவ்வொரு காலாகக் கைப்பிடியின் இரண்டு பக்கமும் வைத்து எழுந்திருங்கள். பார்வை காலடியில் இருந்தால் கட்டாயம் விழுவீர்கள், தூரத்தில் ஒரு கட்டடத்தைப் பாருங்கள், நம் ஊரில் அதற்கா பஞ்சம். எப்படியும் விழத்தான் போகிறீர்கள். தலைகீழாகப் பாயாமல் பக்கவாட்டில் பொத்தென்று தட்டையாக விழுங்கள், அடியில் பாறையோ சேறோ தெரியாது. போர்டையும் கணுக்காலையும் இணைக்கிற கால் கயிற்றைக் கட்டியிருந்தால் போர்டு பக்கத்திலேயே நிற்கும், இல்லையென்றால் அதைத் துரத்தி நீந்த வேண்டியதுதான். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள்.

ஜெல்லி மீனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விஷம் அதிகமுள்ள பாக்ஸ் ஜெல்லி வகையும் பினாங்குக் கடலில் உண்டு, நம் கடல் கலங்கல் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. நீளக்கை, நீளக்கால் உடை வெயிலுக்கும் ஆச்சு, இதற்கும் ஆச்சு. பையில் ஒரு சின்னப் போத்தலில் வினிகர் வையுங்கள். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே 999.

பத்து பெரிங்கி கடற்கரையிலும் கயாக், போர்டு வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஜெட் ஸ்கீயும் பாராசூட் இழுக்கிற படகும் பறக்கிற இடம் அது, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சாப்பாடு? முன்னால் ஒரு ரொட்டி சானாய் போதும், நாசி கண்டாரைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு கைலி இருக்கட்டும். கரையிலேயே அதைச் சுற்றிக்கொண்டு உடை மாற்றிவிடலாம், ஈரத்தோடு 101 பஸ்ஸில் ஏறினால் அந்த ஏர்கோன் குளிரில் ஜெட்டி படகுத்துறை வரைக்கும் பல் கிட்டித்துக்கொண்டேதான் போக வேண்டும்.