ரெண்டு கலர் சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் வீட்ல ஊத்தறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயிறு வெள்ளை, முதுகு கரும்பச்சை, நடுவுல லேசா வெள்ளி மினுக்கு, தண்ணியில விட்டா மடவைக் குஞ்சு போற மாதிரியே வாலை ஆட்டிட்டுப் போகணும். அந்த மாதிரி ஒரு லூரை, அதாவது தூண்டில்ல மாட்டற மென்மையான போலி இரையை, நம்ம கையாலயே அச்சுல ஊத்தி அதுல கொடுவா அடிச்சா வர சந்தோஷமே தனி. ஆனா புதுசா ஆரம்பிக்கறவங்க நிறைய பேர், கலர் ஒட்டல, கலங்கிப் போச்சுன்னு கலர் பாட்டிலை மாத்திக்கிட்டே இருக்காங்க. நான் பாத்த வரைக்கும் பாதிக்கு மேல தப்பு சூட்டுலதான் இருக்கு.

முத பதத்தைப் புரிஞ்சுக்கணும். லூர் ஊத்தற பிளாஸ்டிசால்ங்கறது பிவிசி பொடியை பிளாஸ்டிசைசர்ங்கற, பிளாஸ்டிக்கை மென்மையாக்கற எண்ணெயில கலந்து வெச்ச திரவம், பாக்க பால் மாதிரி இருக்கும். பாட்டில் சும்மா நின்னா பொடி அடியில தங்கிடும், அதனால நல்லா குலுக்காம ஊத்தாதீங்க, மேலாப்புல வர எண்ணெயை மட்டும் காய்ச்சினா லூர் கொழகொழன்னு வரும், அடியில மிச்சம் இருக்கறது கல்லு மாதிரி வரும். சூடாக்கும்போது முதல்ல களி மாதிரி இறுகும், அப்போ பயந்து நிறுத்திடாதீங்க, இன்னும் சூடேறினா இளகி பாகு மாதிரி கண்ணாடித் தெளிவா வரும். ஊத்தறதுக்கு 160லேர்ந்து 175 டிகிரி செல்சியஸ்தான் சரி. 190ஐத் தாண்டினா மஞ்சளடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் நீங்க என்ன வெள்ளை போட்டாலும் அது பழைய தந்தம் மாதிரிதான் தெரியும். இன்னும் கருகினா ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது மூக்கு, தொண்டை, நுரையீரலைப் புண்ணாக்கற சமாச்சாரம்.

தூரத்துலேர்ந்து அளக்கற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நம்பறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அது மேல்பரப்பை மட்டும்தான் படிக்கும். மேல ஆடை கட்டி 150 காட்டும், உள்ள 180 இருக்கும். கலக்கிட்டு உடனே அளங்க. மைக்ரோவேவ்ல வெச்சா ஒரேடியா அஞ்சு நிமிஷம் விடாதீங்க, 120 மில்லி கப்புன்னா முதல்ல ஒன்றரை நிமிஷம், கலக்கி, அப்புறம் 20, 30 செகண்ட் துண்டு துண்டா.

இப்போ விஷயத்துக்கு வரேன். ரெண்டு கலரை அடுக்கா ஊத்தறப்போ முதல் கலரை ஊத்திட்டு ரெண்டாவதை அப்புறம்தான் காய்ச்ச ஆரம்பிக்கறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு. அது ரெடியாகறதுக்குள்ள முதல் அடுக்கு ஆறிடும். மோல்டுலேர்ந்து எடுக்கறப்போ ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஏமாந்துடுவோம். முட்டுக்காடு முகத்துவாரத்துல எனக்கு ஒரு நல்ல அடி விழுந்துச்சு, இழுத்து எடுத்துப் பாத்தா கொக்கியில வெள்ளை வயிறு மட்டும் இருக்கு, பச்சை முதுகு வாழைப்பட்டை உரிஞ்ச மாதிரி கழண்டு போயிருச்சு. அன்னிலேர்ந்து ரெண்டு கப்பையும் சூடாக்கி வெச்சுக்கிட்டுதான் ஊத்தவே ஆரம்பிப்பேன். முதல் அடுக்கு தண்ணி மாதிரி இருக்கறப்பவே ரெண்டாவதை விட்டா கலங்கிடும், காய்ஞ்ச பால்ல ஆடை படியற மாதிரி மேல லேசா மங்கலாகும் பாருங்க, அதான் நேரம். ரெண்டாவது கப் 175 பக்கம் இருந்தா கீழ் அடுக்கோட மேல்தோலை இளக்கி அதுவே ஒட்டிக்கும். ஊத்தி ஆறினதும் ஒண்ணை எடுத்து கோடு இருக்கற இடத்துல பிடிச்சு இழுங்க. பிளாஸ்டிக் கிழியணும், கோடு பிரியக்கூடாது. கோடு பிரிஞ்சா அந்த பேட்ச் முழுக்க அப்படித்தான் இருக்கும். முன்னாடியே ஊத்தி வெச்ச பாதியை மறுபடி மோல்டுல வெச்சு மேல ஊத்தறவங்க, அதுல வழவழன்னு இருக்கற எண்ணெயை சுத்தமா துடைச்சுருங்க, எண்ணெய் இருந்தா எவ்ளோ சூடா ஊத்தினாலும் ஒட்டாது.

ரெண்டு இன்ஜெக்டரை (சிரிஞ்ச் மாதிரி பிஸ்டன் வெச்ச குழாய்), ரெண்டு கலரும் சேர்ந்து மோல்டுக்குள்ள போற ஒரே பிளாக்ல சொருகி ஊத்தற முறையிலயும் சூடுதான் கணக்கு. ஒண்ணு சூடா இளகி, இன்னொண்ணு கெட்டியா இருந்தா இளகினது மட்டும் முந்திப் போயிடும், பாதி முதுகு பச்சை, வால் முழுக்க வெள்ளைன்னு வரும். ரெண்டையும் ஒரே சூட்டுக்குக் கொண்டு வந்து ரெண்டு பிஸ்டனையும் ஒரே வேகத்துல அழுத்துங்க, அழுத்தினதும் கையை எடுக்காம கொஞ்ச நேரம் பிடிச்சிருங்க, இல்லன்னா ஆறறப்போ சுருங்கி நடுவுல குழி விழும். அலுமினிய மோல்டு ஜில்லுனு இருந்தா முதல் ரெண்டு மூணு லூர்ல வரி வரியா மடிப்பு தெரியும், மோல்டு சூடானதும் சரியாகும், மடிப்பு விழுந்ததை உருக்கிக்கலாம்.

கலர்ல உண்மையிலேயே நடக்கற தப்பு வேற. சாயம், நிறமின்னு ரெண்டு வகை இருக்கு. சாயம் பிளாஸ்டிசைசர்ல கரையும், கரைஞ்சது ஓரிடத்துல நிக்காது, அடுத்த அடுக்குக்கு நகர்ந்துடும். சிவப்பு, ஃப்ளோரசன்ட் கலர்ல இது ஜாஸ்தி. இன்னிக்கு கோடு கிழிச்ச மாதிரி இருக்கும், ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளை வயிறு ரோஸா மாறிடும். அடுக்கு லூருக்கு கரையாத, பரவாத நிறமி வகைதான் வாங்கணும். அதை விட மோசம் என்னன்னா கைக்கு கிடைச்ச ஃபுட் கலர், ஃபேப்ரிக் பெயிண்ட்டையெல்லாம் ஊத்தறது. அதுல தண்ணி இருக்கு. 170 டிகிரியில ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் சட்டுனு ஆவியாகி மொத்தமா வெடிச்சுத் தெறிக்கும், தோல்ல பட்டா ஒட்டிக்கிட்டே சுடும். எனக்கு கழுவிட்டு சரியா துடைக்காத ஸ்பூன்ல இருந்த சொட்டு, மணிக்கட்டுல தழும்பு இன்னும் இருக்கு. முழுக்கை சட்டை, கிளவுஸ், கண்ணுக்குக் கண்ணாடி போடாம தொடாதீங்க. பிளாஸ்டர் மோல்டு வெச்சிருந்தா நல்லா காயவெச்சு சீல் பண்ணிட்டு ஊத்துங்க, அதுக்குள்ளயும் ஈரம் ஒளிஞ்சிருக்கும்.

கிளிட்டரும் அதே மாதிரி, ஸ்டேஷனரி கடை மினுக்கு இந்த சூட்டுல சாயம் விட்டு சுருண்டுடும், சூடு தாங்கற வகை தனியா கேட்டு வாங்குங்க. கடைசியா போடுங்க, போட்டதும் கலக்கிட்டே ஊத்துங்க, நின்னா அடியில போய் உக்காந்துடும். முத்து மாதிரி பளபளக்கற பவுடர் ஒரு சிட்டிகை போதும், ஆர்வத்துல அள்ளிப் போட்டா உள்ள ஒளியே போகாது. சூடா இருக்கறப்போ தெரியற கலர் ஆறினா மாறும், ஒரு சொட்டு வெள்ளைத் தட்டுல விட்டு ஆறினதும் பாத்துட்டு அப்புறம் ஊத்துங்க.

திருப்பூர் பக்கம் பனியன்ல பிரிண்ட் பண்ற பிளாஸ்டிசால் இங்க் சுலபமா கிடைக்குதேன்னு கேக்கறாங்க. குடும்பம் ஒண்ணுதான், ஆனா அது துணி மேல மெல்லிசா படிஞ்சு நிக்கறதுக்குச் செஞ்சது, வால் ஆடணும்னு செஞ்சதில்ல.

1949ல அமெரிக்காவுல ஓஹையோ மாநிலத்து ஆக்ரான்ல நிக் க்ரீம்ங்கறவர் வீட்டு அடுப்புலயேதான் முதல் பிளாஸ்டிக் புழு லூரைக் காய்ச்சினாரு. அதைச் சொல்லிக்கிட்டு நம்ம சமையலறையில இறங்க வேண்டாம். கப், கரண்டி, மைக்ரோவேவ் எல்லாம் லூருக்குன்னு தனியா வெச்சிருங்க, திரும்ப சாப்பாட்டுப் பக்கம் போகவே கூடாது. மொட்டை மாடியோ, காத்தோட்டமான ஷெட்டோ பாத்துக்கங்க, ரசாயன ஆவிக்குன்னு இருக்கற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போடுங்க, துணி மாஸ்க் இதுக்கு உதவாது. குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.

கிழிஞ்ச லூரை தண்ணியில வீசாதீங்க, எடுத்துட்டு வாங்க, உருக்கி மறுபடி ஊத்தலாம். ஆனா எல்லா கலரையும் ஒண்ணாப் போட்டா சேத்துக் கலர்தான் வரும், வெளிர் தனி, அடர் தனின்னு பிரிச்சு வெச்சா அடர்ல கருப்பு சேத்து விராலுக்குப் போடற தவளை லூருக்கு உடம்பு ஊத்திக்கலாம்.

வெக்கறதுலயும் கவனம். கெட்டி பிளாஸ்டிக் டப்பா சிலதை பிளாஸ்டிசைசர் அரிச்சு டப்பாவும் லூரும் ஒண்ணா ஒட்டிக்கும், டிபிஇங்கற, ரப்பர் மாதிரி இழுபடற வேற பிளாஸ்டிக் வகை லூரோட சேத்துப் போட்டா ரெண்டும் உருகி ஒழுகிடும். ஒரு கவருக்கு ஒரே கலர், வண்டி டிக்கியில வெயில்ல விடாம, வால் நேரா இருக்கற மாதிரி படுக்க வைங்க. அப்படியும் வால் வளைஞ்சிருந்தா தூக்கிப் போட வேண்டாம், கொதிக்கிற தண்ணியில சில செகண்ட் முக்கி, நேரா பிடிச்சு உடனே ஜில் தண்ணியில விடுங்க, நிமிர்ந்துடும்.